ஒருநாள் மரபுநடை: கெலமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

தொல்லெச்சங்கள் இருக்கும் இடத்துக்கே மக்களை அழைத்துச் சென்று, துறையறிந்த ஒருவர் அவற்றின் முன் நின்று விளக்கம் கூற, காலையில் புறப்பட்டு மாலைக்குள் சில ஊர்களைக் கண்டு திரும்பும் கூட்டுப் பயணத்தைத் தமிழகத்தில் ‘மரபுநடை’ என்று வழங்குகின்றனர். மதுரையில் 2010ஆம் ஆண்டு எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணனின் முன்முயற்சியில் உருவான ‘பசுமை நடை’ இயக்கம் சமணக் குன்றுகளுக்குப் பொதுமக்களைத் தொடர்ந்து அழைத்துச் சென்றது. அதன் பின்னர் இவ்வழக்கம் பிற மாவட்டங்களிலும் வேர்கொண்டது. இன்று கல்லூரிகளும் வரலாற்று ஆர்வலர் குழுக்களும் சுற்றுலா நிறுவனங்களும் இதனை நடத்துகின்றன. பரவலாகிவிட்ட ஒரு வழக்கத்தைப் பாராட்டுவது எளிது. அது எதைக் காக்கிறது, எதைச் சிதைக்கிறது என்று எடைபோடுவதே அதற்குச் செய்யும் உண்மையான மரியாதை. ஒரு நாளில் எத்தனை இடங்கள் பார்க்கப்பட்டன என்பதைக் கொண்டன்று, அந்த நாள் முடிந்த பின் கல்லுக்கும் கல் நிற்கும் ஊருக்கும் எது எஞ்சியது என்பதைக் கொண்டே மரபுநடை மதிப்பிடப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இம்மதிப்பீட்டுக்குக் கெலமங்கலம் வட்டாரம் பொருத்தமான களம். ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் இடையில், கர்நாடக எல்லையை ஒட்டிய மேட்டுநிலத்தில் அமைந்துள்ள இப்பேரூரைச் சுற்றி, பெருங்கற்காலம் முதல் மைசூர்ப் போர்கள் வரையிலான தடயங்கள் நெருக்கமாகக் கிடக்கின்றன. நுளம்பரும் கங்கரும் சோழரும் ஆண்ட இந்நிலத்தின் ஒரு பகுதியாகிய குந்தாணி, 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீரராமநாதனுக்குத் தலைநகராக இருந்தது. இராயக்கோட்டை மலைக்கோட்டை மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1791இல் ஆங்கிலேயர் வசமானது. 1799 மார்ச்சில் சீரங்கப்பட்டணம் நோக்கிச் சென்ற ஜெனரல் ஹாரிசின் ஆங்கிலேயப் படை கெலமங்கலத்தில் முகாமிட்டது. அதே நிலத்தில், 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து தொடங்கிய தொழில் விரிவாக்கம் இப்போது கெலமங்கலத்தின் வயல்வெளிகளை எட்டி, பெரும் மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலையாகவும் மனைப்பிரிவுகளாகவும் ஊழியர் விடுதிகளாகவும் உருவெடுத்துள்ளது. பழமையின் அடர்த்தியும் மாற்றத்தின் வேகமும் ஒருசேர மிகுந்திருக்கும் இத்தகைய இடத்தில், எந்தக் கல் அடுத்த ஆண்டும் நிற்கும் என்பது ஏட்டுக் கேள்வியாக மட்டும் இருப்பதில்லை.

இங்கே மரபுநடை செல்வோர் காணும் முதன்மையான சான்றுகள் இரண்டு. முதலாவது நடுகல். ஆநிரை கவர்தலிலோ மீட்டலிலோ, ஊர்ச் சண்டையிலோ, புலியோடும் பன்றியோடும் பொருதோ இறந்தவனின் நினைவாக நாட்டப்படும் கல் இது. தொல்காப்பியம் இச்சடங்கை, கல்லைத் தேடிக் காண்பது முதல் நாட்டிய பின் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளாகப் பகுத்துரைக்கிறது. கல்லில் வீரனின் உருவத்தோடு, ஆட்சியாண்டும் ஊரும் இறந்தவன் பெயரும் இறந்த காரணமும் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. புலிகுத்திக் கல், தன் தலையைத் தானே அரிந்து பலிகொடுத்தவனுக்கு எடுத்த நவகண்டக் கல், கணவனோடு உடன்கட்டை ஏறியவளுக்கு எடுத்த சதிக்கல் என இதன் வகைகள் விரியும். கன்னட மரபின் வீரகல்லும் மாஸ்திக்கல்லும் இம்மண்ணில் தமிழ் மரபோடு கலந்து நிற்கின்றன. இரண்டாவது கல்திட்டை. பலகைக் கற்களைச் சுவர்போல் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றி அமைத்த பெருங்கற்கால ஈமச்சின்னமே கல்திட்டை எனப்படுகிறது. கிருஷ்ணகிரியை அடுத்த மல்லசந்திரத்தின் பாறைக்குன்றில் இவை நூற்றுக்கும் மேற்பட்டுத் திரண்டு நிற்கின்றன. சுவர்க்கற்களில் வட்டமான இடுதுளையும், சிலவற்றின் உட்புறத்தில் வெள்ளை நிற ஓவியங்களும் உள்ளன.

மரபுநடையின் முதல் வலிமை, சான்றை அதன் சூழலிலேயே காணச் செய்வது. அருங்காட்சியகத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட நடுகல் சிற்பத்தைக் காட்டும். ஆனால் அது ஏன் ஊரெல்லையிலோ ஏரிக்கரையிலோ மேய்ச்சல் நிலத்தை நோக்கியோ நாட்டப்பட்டது என்பதைக் காட்டாது. கால்நடையே செல்வமாக இருந்த வறண்ட மேட்டுநிலத்தில், கன்றுகாலியைக் காப்பது ஊரைக் காப்பதற்கு ஒப்பாக எண்ணப்பட்டது ஏன் என்பதை, மேய்ச்சல் வெளியின் நடுவே நிற்கும் கல்லின் முன் கேட்கும் மாணவர் பாடநூலில் படிப்பவரைக் காட்டிலும் தெளிவாக உணர்வார். மேலும், இப்பகுதியிலும் தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளிலும் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபடப்படுகின்றன. இறந்தோர் நினைவுச் சின்னம் காலப்போக்கில் காவல் தெய்வமாக வளர்ந்த வரலாற்றை, பொங்கலிட்ட அடுப்புக்கற்களும் கல்லின் மேல் பூசிய மஞ்சளும் எந்த நூலும் சொல்லாத நேர்மையோடு சொல்கின்றன.

இரண்டாவது வலிமை, பார்வையே பாதுகாப்பாக மாறுவது. இந்தியாவில் 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும், பாதுகாக்கப்பட்ட சின்னம் என அரசு முறையாக அறிவித்த இடங்களுக்கே முழுமையான காப்பு அளிக்கின்றன. இராயக்கோட்டைக் கோட்டை போன்றவை அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும். வயல் வரப்பில் சாய்ந்து கிடக்கும் தனி நடுகல் வருவதில்லை. கருங்கல் வெட்டும் தொழில் பெருகிய மாவட்டத்தில், சாலை விரிவாக்கத்துக்கும் மனைப்பிரிவுக்கும் நிலம் சமன்செய்யப்படும்போது, அக்கல்லைப் பற்றி அறிந்தவர் ஒருவரும் இல்லையெனில் அது மறைந்ததை அறிபவரும் இருக்கமாட்டார். கிருஷ்ணகிரி மாவட்ட வரலாற்று ஆய்வு மற்றும் ஆவணப்படுத்தும் குழு, ஓசூரின் அறம் வரலாற்று ஆய்வு மையம் போன்ற உள்ளூர் அமைப்புகள் நடுகற்களையும் கல்வெட்டுகளையும் தேடி வெளிப்படுத்தியதன் பயன் இங்கேதான் விளங்குகிறது. மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியின் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்துப் பொறிப்பும் குடைவரையும் மரபுநடைகள் வழியே பலருக்கு அறிமுகமாகியிருந்தன. 2022இல் அவ்வூர் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அங்கு டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் வந்தபோது எதிர்த்து நின்றவர்கள் ஊர்மக்களே என்றாலும், இழக்கப்போவது எது என்பதைத் தமிழகம் முழுவதும் உடனே புரிந்துகொள்ள அந்த அறிமுகம் துணைநின்றது. 2025 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

ஒப்பீட்டுக்குச் சுவீடன் நாட்டின் வழக்கத்தைக் கருதலாம். தலைநகர் ஸ்டாக்ஹோமிலிருந்து சிறு வண்டிகளில் புறப்பட்டு, உப்லாந்து நாட்டுப்புறத்தின் ரூன் கற்களையும், 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான சிக்துனா நகரையும் கண்டு திரும்பும் ஒருநாள் வைக்கிங் மரபுப் பயணங்கள் அங்கே நடக்கின்றன. ரூன் என்பது வடஐரோப்பியரின் பழைய எழுத்துமுறை. அவ்வெழுத்தில் இறந்தோர் பெயரையும் கல் எடுத்த உறவினர் பெயரையும் பொறித்த நினைவுக்கற்கள் உப்லாந்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. நடுகல்லுக்கு நெருங்கிய உறவுடைய இக்கற்கள் ஒவ்வொன்றுக்கும் மாகாணத்தைக் குறிக்கும் எழுத்தும் வரிசை எண்ணும் தரப்பட்டு, வாசகம் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டிருப்பதால், வழிகாட்டி சொல்வதை எவரும் சரிபார்க்க முடியும். தொல்சின்னங்களைக் காக்கும் அரசாணையை 1666லேயே வெளியிட்ட அந்நாட்டில், நடப்பிலுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டம் தனி அறிவிப்புக்குக் காத்திராமல், இன்னும் கண்டறியப்படாதவை உட்பட எல்லாத் தொல்லெச்சங்களுக்கும் இயல்பாகவே காப்பளிக்கிறது. ஆகவே அங்கே பயணம் என்பது, முன்பே பதிவும் காப்பும் பெற்ற ஒன்றைக் காட்டும் செயல். கெலமங்கலத்தில் அதுவே பதிவாகவும் காப்பாகவும் இருக்க வேண்டிய கட்டாயம் உள்ளது. இந்த வேறுபாட்டை உணராமல், அயல்நாட்டுச் சுற்றுலாவின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது போதாது.

இனிக் குறைகளுக்கு வரலாம். முதற்குறை காலத்தைச் சுருக்குவது. பருகூரை அடுத்த மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வின் மாதிரிகளிலிருந்து இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்செல்கிறது என்ற முடிவு 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தியையும் மல்லசந்திரத்தின் கல்திட்டைகளையும் போசளர் காலத்து நடுகல்லையும் திப்புவின் காலத்துக் கோட்டையையும் ஒரே பகலில் அடுக்கும்போது, இவற்றுக்கு இடையே கிடக்கும் ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகள் கேட்போர் மனத்தில் ஒரே ‘முன்னோர் காலம்’ ஆகிவிடுகின்றன. கல்திட்டை எழுப்பியோரும் நடுகல் நாட்டியோரும் ஒரே சமூகத்தின் தொடர்ச்சி என்று நிறுவச் சான்று வேண்டும். வண்டியின் வழித்தடம் அச்சான்றாகாது.

இரண்டாவது குறை பெருமிதம் ஆராய்ச்சியின் இடத்தைப் பிடிப்பது. மேலே ஒப்பிட்ட வைக்கிங் மரபிலேயே இதைக் காணலாம். கொம்பு வைத்த தலைக்கவசத்தை வைக்கிங்குகள் போரில் அணிந்ததற்குச் சான்று இல்லை. 19ஆம் நூற்றாண்டின் ஓவியமும் இசைநாடக மேடையும் பரப்பிய அவ்வுருவமே இன்றும் நினைவுப்பொருள் கடைகளில் விற்கிறது. உப்லாந்தின் ரூன் கற்களில் பெரும்பாலானவை 11ஆம் நூற்றாண்டின் கிறித்தவக் குடும்பங்கள் சிலுவைக் குறியோடு எடுத்தவை என்பதும் கடற்கொள்ளைக் கதைகளின் ஆரவாரத்தில் மங்கிப்போகிறது. இதே நோய் இங்கு வேறு வடிவில் வரும். நடுகல்லில் உள்ள வீரனை இன்றைய ஒரு சாதியின் மூதாதையாக உரிமை கோருவதும், ஆநிரை கவர்ந்து இறந்தவனுக்கும் கல் உண்டு என்பதை மறைத்து மீட்டவனை மட்டும் போற்றுவதும், சதிக்கல்லைக் கற்பின் சின்னமாக வியந்து, அங்கே எரிந்தது ஒரு பெண்ணின் உயிர் என்பதைச் சொல்லாமல் கடப்பதும் வரலாறு ஆகா. அந்தப் பெண்ணுக்குத் தேர்வு இருந்ததா என்ற வினாவை எழுப்பாத விளக்கம், எத்தனை ஆண்டுக்கணக்குகளை ஒப்பித்தாலும் முழுமையடையாது.

மூன்றாவது குறை கல்லுக்கு நேரும் நேரடிச் சேதம். மங்கிய எழுத்தைப் படிக்கச் சுண்ணத்தூளோ மாவோ தேய்ப்பது, ஒளிப்படத்துக்காகக் கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டுவது, கல்திட்டையின் மூடுகல் மேல் ஏறி நிற்பது ஆகியன நல்லெண்ணத்தோடு வந்தவர்களாலேயே நிகழ்கின்றன. ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மையால் எழுத்தைப் படியெடுக்கும் ‘மைப்படி’ முறை பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய பணி. மற்றவர்களுக்குச் சாய்வாக விழும் ஒளியில் எடுத்த படமே போதும். கல்திட்டைகளுக்குள் புதையல் உண்டு என்ற நம்பிக்கையால் தோண்டப்படும் அபாயம் நிலவும் நாட்டில், காவலற்ற இடத்தின் துல்லியமான இருப்பிடத்தைக் கைப்பேசி வழியே உலகுக்கு அறிவிப்பதும் சேதத்துக்கு வழிகாட்டுவதே ஆகும்.

நான்காவது குறை மற்ற மூன்றையும் விட ஆழமானது. பெரும்பாலான மரபுநடைகளில் ஊர் காட்சிப்பொருளாகிறது. ஊரார் பேசுவோராக அமைவதில்லை. கல்லுக்கு ஆண்டுதோறும் பூசை செய்யும் குடும்பத்துக்கு அதன் கதை தெரியும். அதைக் கேட்காமல், எண்ணெயும் மஞ்சளும் பூசியது அறியாமை என்று கடிந்துவிட்டுத் திரும்பும் குழு, அந்தக் கல்லின் இயல்பான காவலரையே பகைத்துக்கொள்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழிகளாக வழங்கும் கெலமங்கலத்தில், தமிழில் மட்டும் விளக்கம் அமைந்தால் ஊரின் ஒரு பகுதி தன் கல்லின் முன்னேயே அயலாராகிறது. இதே ஊரில் தங்கியிருக்கும் தொழிற்சாலை ஊழியர்கள், அவர்களுள் பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் பலர், தாம் வாழும் நிலத்தின் வரலாற்றை அறியும் வாய்ப்பின்றியே பணிக்கால மாற்றங்களுக்கு இடையில் நாட்களைக் கழிக்கின்றனர். பெங்களூரிலிருந்து வருவோருக்குத் திட்டமிடப்படும் பயணம், விடுதிக்கு அருகில் நிற்கும் கல்லை அங்கே தங்கியிருப்பவருக்குக் காட்டாமல் போவது அவ்வழக்கத்தின் பெருங்குறை.

இக்குறைகள் மரபுநடையைக் கைவிடுவதற்கான காரணங்களல்ல. அதன் அமைப்பை மாற்றுவதற்கான காரணங்கள். ஒரு நாளில் ஐந்து இடங்களுக்குப் பதிலாக ஒரு காலத்தைச் சேர்ந்த இரண்டு இடங்களைத் தேர்ந்தால் கால மயக்கம் நீங்கும். ஒவ்வொரு நடையும் குறைந்தது ஒரு கல்லின் அளவு, திசை, உருவம், எழுத்து, நிலை ஆகியவற்றை ஒரு தாளில் பதிவுசெய்து, ஊராட்சியிலும் உள்ளூர்ப் பள்ளியிலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் ஒப்படைக்குமானால், அந்தக் கல் இனிப் பெயரற்றதாக இராது. சில ஆண்டுகளில் இப்பதிவுகள் திரண்டு, சுவீடனில் அரசு செய்து முடித்ததற்கு ஈடான பட்டியலாக வளரவும் கூடும். பூசை செய்வோரின் ஒப்புதலும் அவர்கள் சொல்லும் கதையும் விளக்கத்தின் பகுதியாக வேண்டும். கன்னடமும் தெலுங்கும் அறிந்த உள்ளூர் மாணவர்கள் விளக்குநராகப் பயிற்சி பெற வேண்டும். இங்கு இலாபம் ஈட்டும் தொழில் நிறுவனங்கள் தம் ஊழியரின் விடுமுறை நாளில் நடைகளுக்கு வண்டியும், நிலம் சமன்செய்யும் முன் தொல்லியல் ஆய்வுக்கு நிதியும் தருவது நியாயமான கடமை.

கெலமங்கலம் வட்டாரத்தின் பெரும்பாலான நடுகற்களுக்கு வேலியும் இல்லை, காவலரும் இல்லை, அரசிதழில் இடமும் இல்லை. அவற்றை அறிந்த மனிதர்கள் மட்டுமே உண்டு. அம்மனிதர்களின் எண்ணிக்கையைப் பெருக்கும் மரபுநடை, எத்தனை குறைகளோடு நடந்தாலும், தேவையான பணியையே செய்கிறது. பார்த்துத் திரும்பியோரின் மகிழ்ச்சியோடு முடிந்துவிடும் நடை, பதிவும் பொறுப்பும் விட்டுச்செல்லாததால், அடுத்த மழைக்காலத்துக்குள் மண் அள்ளும் இயந்திரம் வரும்போது எதற்கும் பயன்படாது. இவ்விரண்டில் எதை நடத்துகிறோம் என்பதை நடத்துவோரே ஒவ்வொரு முறையும் தீர்மானித்தாக வேண்டும்.