ரேங்க் கார்டை வாசித்தல்

எங்கப்பா ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டதில்லை, கைநாட்டுதான். படிக்கத் தெரியாது. சிவப்புக் கோடுகளை மட்டும் விரல்விட்டு எண்ணிவிட்டு, "இத்தன வாங்கியிருக்கியேடா" என்பார்.

அவர் கண்ணில் படாத கட்டம் ஒன்று ஓரத்தில் இருந்தது: வேலை நாட்கள், வருகை நாட்கள். அறுப்புக் காலத்தில் என் வருகை பாதியாகும். 'குறிப்பு' என்ற இடத்தில் வாத்தியார் "அக்கறை இல்லை" என்று எழுதினார். நான் அறுத்த கதிருக்கு அதில் கட்டமே இல்லை.

ரேங்க் கார்டும் ஒரு பிரதிதான். யார் யாரைப் பற்றி எழுதினார்கள் என்று கேட்டுத்தான் வாசிக்க வேண்டும்.

அளவுகோல் மாறிவிட்டதே என்பார்கள். 2012-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. மதிப்பெண்ணுக்குப் பதில் கிரேடு. தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40. ஒரே பரீட்சையில் பிள்ளையின் தலையெழுத்தை முடிவு செய்யாதது நல்லதுதான். ஆனால் அந்த 40-இல் பாதி சார்ட், ஆல்பம் போன்ற செயல்பாடுகளுக்கு. படித்த வீட்டில் அப்பா அம்மாவே செய்து கொடுத்தார்கள். எங்க தெருப் பிள்ளை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து கொண்டுபோனது. இரண்டுக்கும் கிரேடு போட்டது ஒரே கை.

2020-இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. எல்லோரும் பாஸ். மதிப்பெண் மட்டும் காலாண்டு, அரையாண்டிலிருந்து 80 விழுக்காடு, வருகைப்பதிவிலிருந்து 20 விழுக்காடு. என் கார்டில் ஓரத்தில் கிடந்த கட்டம் நடுவீட்டுக்கு வந்துவிட்டது! பொதுத்தேர்வு விடைத்தாளுக்கு டம்மி எண் உண்டு. திருத்துகிறவருக்குப் பேரும் தெரியாது, தெருவும் தெரியாது. காலாண்டுத் தாளைத் திருத்தும் வாத்தியாருக்கு எல்லாமே தெரியும். அதோடு, எங்க பிள்ளைகளில் பலர் அரையாண்டில் கோட்டைவிட்டு, கடைசி மூன்று மாதத்தில் முட்டிமோதிக் கரையேறுகிறவர்கள். அந்த மூன்று மாதத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அப்படியானால் மதிப்பெண்ணே வேண்டாமா? வேண்டும். பக்கத்தில் அந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தது என்பதும் சேர்த்து வாசிக்கப்பட வேண்டும்.

1907-இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷனில் வாங்கியது 750-க்கு 282. நூற்றுக்கு 38 கூட இல்லை. நம் முப்பருவக் கணக்கில் 'டி' கிரேடு. வகுப்பில் தனியே கோணி விரித்து உட்கார்ந்து, தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாதென்று வளர்ந்த பையனின் மதிப்பெண் அது. அவருடைய சனங்கள் கூட்டம் போட்டுக் கொண்டாடினார்கள். 282-ஐ எப்படி வாசிக்க வேண்டுமென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.