கண் திறக்காத கெர்னல்

நினைவகத்தையும் கருவிகளையும் மற்ற நிரல்களையும் மேய்க்கும் தலைமை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதைத் தாமே எழுதிப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஏற்றது எக்ஸ்வி6. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2006இல் பாடத்துக்கென உருவான இது, 1975இன் ஆறாம் பதிப்பு யூனிக்ஸை அடியொற்றியது. ரஸ் காக்ஸ், ஃபிரான்ஸ் காஷூக், ராபர்ட் மோரிஸ் ஆகிய மூவர் எழுதிய விளக்க நூல் இலவசமாகவே கிடைக்கிறது. 2019 முதல் இது ரிஸ்க்-ஃபைவ் கட்டளை அமைப்புக்கு மாறிவிட்டது. 2018இல் லினக்ஸை ஏற்றி இயக்கிய சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ சில்லும் அதே அமைப்பைச் சேர்ந்ததுதான்.

நூலின் நடை தெளிவானது. பதினாறடிமான எண்ணில் 80000000 என்ற முகவரியில் கெர்னல் ஏற்றப்படுவதையும், சி மொழி நிரல் ஓடுவதற்கு முன் ஒவ்வொரு செயலிக்கும் 4096 பைட் அடுக்கு ஒதுக்கப்படுவதையும் காரணத்துடன் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் காட்டுவது நோயற்ற உடலை மட்டுமே. மாணவர் இரண்டு வரியை மாற்றுகிறார், கெர்னல் கண் திறக்க மறுக்கிறது. அப்போது என்ன செய்வது? அதற்கென்று ஓர் அத்தியாயம் இல்லை. ஆய்வகக் குறிப்புகளில்தான் கொஞ்சம் தேட வேண்டும்.

எங்கள் சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியுடன் கலக்கிறது. கீழே நீர் கலங்கி வந்தால், கூடுமிடத்துக்கு மேலே போய் இரண்டு ஆறுகளையும் தனித்தனியே பார்த்தால் போதும்; கலங்கல் எதிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். கெர்னலிலும் வழி அதுவே. முனையம் தயாரானதும் எக்ஸ்வி6 ‘கெர்னல் தொடங்குகிறது’ என்ற பொருளில் ஒரு வரி அச்சிடும். அந்த வரி வராவிட்டால் பழுது அதற்கு முன்னே. (நிரல் ஓடவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது, செய்தி அனுப்பும் தொடர்முனையே ஊமையாகியிருக்கலாம்.) வரி வந்து பிறகு நின்றால், முதல் சந்தேகம் பக்க அட்டவணை மேல் விழ வேண்டும்.

இங்கேதான் நூல் வேகமாகக் கடந்துவிடுகிறது. பழுது நேர்ந்தால் எங்கே தாவ வேண்டும் என்று வன்பொருளுக்குச் சொல்லும் வரி, பக்க அட்டவணையை முடுக்கும் வரிக்குப் பின்னரே வருகிறது. அட்டவணை தவறானால், அடுத்த கட்டளையையே செயலியால் படிக்க முடியாது, முறையிடவும் இடமில்லை. ஆகவே திரையில் மௌனம். வரியை முன்னே நகர்த்தினால் சில பழுதுகள் வாய் திறக்கும்; பழுதைக் கையாளும் நிரலின் பக்கமே அட்டவணையில் விடுபட்டிருந்தால் அதுவும் பயனில்லை.

அப்போது கியூஎமு என்னும் போலிப்பொறியில் கெர்னலை ஓட்டி, ஜிடிபி என்ற பழுதறி நிரலால் இடைநிறுத்திக் காரணப் பதிவேட்டைப் படிக்க வேண்டும். 12 என்றால் கட்டளையைப் படிக்கையில் வந்த பக்கப் பிழை, 13 என்றால் தரவைப் படிக்கையில், 15 என்றால் எழுதுகையில். துணைப் பதிவேடு ஒன்று, பிழை எந்தக் கட்டளையில் நேர்ந்தது என்று முகவரியோடு காட்டும். இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கெடுத்த ஒரு கெர்னலைப் படிப்படியாக உயிர்ப்பித்துக் காட்டப் பத்துப் பக்கம் போதும். அடுத்த பதிப்பில் ஆசிரியர்கள் அதைச் சேர்த்தால், கோப்பு முறைமை அத்தியாயத்தைச் சற்றுக் குறைத்தாலும் எனக்குக் குறையில்லை.