ஓதத் தெரிந்தோரும் எழுத்தறியாதோரும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, தென்காசியில் நமது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படிவத்தை நிரப்பிய இளம் ஆசிரியை ஒருவர் நமது தாயாரைச் சுட்டி, "பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என வினவினார். நாம் வாய் திறப்பதற்கு முன்பே தாயார், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று கூறிவிட்டார்கள். அன்று காலையில்தான் அவர்கள் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'மகானி'யிலிருந்து உளூவின் சட்டங்களை அண்டை வீட்டுப் பெண்ணுக்கு வாசித்துப் பொருளும் விளக்கியிருந்தார்கள். படிவத்தில் 'எழுத்தறியாதவர்' என்பதற்குரிய குறி விழுந்தது. நாம் மறுத்துரைக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்னும் கேள்வி நம்மைப் பல ஆண்டுகள் தொடர்ந்ததன் விளைவே இக்கட்டுரை. ('இக்ரஃ' என்னும் சொல்லில் தொடங்கிக் கல்வியின் சிறப்பை விரிக்கும் கட்டுரைகள் நம்மிடம் வேண்டிய அளவு உள்ளன. இஃது அவ்வகையைச் சார்ந்ததன்று.)

எழுத்தறிவை அளப்போர் கையிலுள்ள கோல் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. நண்பருக்கு ஒரு கடிதம் எழுதவும் அவர் விடுத்த மறுமொழியைப் படிக்கவும் இயன்றவரே எழுத்தறிந்தவர் என்றது 1911ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு. இன்றைய வரையறையோ ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர், ஏதேனும் ஒரு மொழியில் பொருள் உணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவராக இருத்தல் வேண்டும் என்கிறது. படிக்க மட்டுமே தெரிந்தவர் அதில் சேரார். 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் நிமிடத்திற்கு 30 சொற்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என வேகத்தையும் வரையறுத்தது. 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு மூன்றுக்கும் சேர்த்து 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு நடத்துகிறது. கோல்கள் மாறினும் அவற்றின் அடியிலுள்ள எண்ணம் ஒன்றே: எழுத்தறிவு என்பது தனியொருவரின் தலைக்குள் இருக்கும் ஒரு திறன், எவ்விடத்தில் அளந்தாலும் அது மாறாது.

இவ்வெண்ணத்தை அசைத்தவர்கள் இனவரைவியல் அறிஞர்கள். அவ்வகை ஆய்வுகளுள் இரண்டு நம் போன்றோர்க்கு மிக நெருக்கமானவை; காரணம், இரண்டும் குர்ஆன் பள்ளிகளின் வாசலிலேயே தொடங்குகின்றன. சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் 1981இல் வெளியிட்ட நூல், லைபீரியாவின் வாய் மக்களைப் பற்றியது. அம்மக்களிடையே மூன்று எழுத்தறிவுகள் அருகருகே வாழ்ந்தன: பள்ளியில் ஆங்கிலம், ஓதுமிடத்தில் அரபு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாங்களே ஆக்கிக்கொண்ட வாய் எழுத்து. மூன்றாவதைக் கற்பிக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. உறவினரும் நண்பரும் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டு, கடிதமும் கணக்கும் எழுதினர். எழுத்து வந்தால் அறிவே மாறிவிடும் என்னும் பழைய நம்பிக்கையை ஆய்வாளர்கள் சோதித்தபோது அது நிற்கவில்லை. ஒவ்வோர் எழுத்தறிவும் தான் பழக்கிய வேலையிலேயே துலங்கியது. குர்ஆன் ஓதியோர், பட்டியலைப் படிப்படியாகக் கூட்டி நினைவில் நிறுத்தும் சோதனையில் முந்தினர். ஹிஃப்ளு மாணவர்களோடு பழகியவர் எவரும் இதில் வியப்படையமாட்டார்.

மற்றவர் பிரையன் ஸ்ட்ரீட். ஈரானில் மஷ்ஹத் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் 1970களில் தங்கிய இவர், 1984இல் வெளியிட்ட நூலில், எழுத்தறிவைத் தனித்து இயங்கும் திறனாகக் காண்பது ஒரு மாதிரி என்றும், அதிகாரமும் வழக்கமும் கலந்த சமூகச் செயலாகக் காண்பது மற்றொரு மாதிரி என்றும் பிரித்துக் காட்டினார். அரசின் பார்வையில் பின்தங்கிய அவ்வூரில், மக்தபில் முல்லாவிடம் ஓதியவர்களே பழ வணிகம் பெருகியபோது முன்னே வந்தனர். பக்கத்தைப் பிரித்து எழுதுதல், பட்டியலிடுதல், பெட்டிகளில் குறியிடுதல், ரசீது வைத்தல் ஆகிய யாவற்றுக்கும் மக்தபின் பழக்கமே அடித்தளம் ஆயிற்று என்றார் ஸ்ட்ரீட். இந்நூலை முதன்முதலாகப் படித்தபோது நாம் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. மக்தபை மனப்பாடச் சாலை என்று இகழ்ந்தவர்களுக்கு ஓர் ஆங்கிலேயரே விடையளித்துவிட்டார் என எண்ணினோம்.

அம்மகிழ்ச்சி குற்றாலத்தில் குறைந்தது. சாரல் காலத்தில் ஐந்தருவி செல்லும் சாலையோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து விற்கும் கடைகளுள் ஒன்று, நம்மோடு சிறுவயதில் ஓதியவருடையது. அவரும் பழ வணிகர், ஸ்ட்ரீட் கண்டவர்களும் பழ வணிகர்கள். எனவே அவரது கடன் நோட்டை ஆவலோடு வாங்கிப் பார்த்தோம். எழுத்துப் பிழைகள் நிறைந்த தமிழில், பெயரும் கிலோவும் பாக்கியும் ஒழுங்காக இருந்தன. இதை எங்கே கற்றீர் என்றதற்கு, "கடைக்கு வந்த பிறகு முதலாளிக்கிட்ட படிச்சதுதான். ஓதின பள்ளியில அலிஃப், பேதானே" என்றார்.

ஸ்ட்ரீட் நிறுத்தி எடைபோடாத ஒன்று அப்போதுதான் நமக்குப் புலப்பட்டது. ஈரானில் மக்தபின் எழுத்தும் கடைத்தெருவின் எழுத்தும் ஒன்றே. குர்ஆன் ஓதிப் பழகிய கண் பாரசீக ரசீதை எழுத்துக்கூட்டிவிடும். தென்காசியிலோ ஓதும் எழுத்து ஒன்று, பேருந்துப் பலகையின் எழுத்து வேறு. மக்தபின் பழக்கம் சந்தைக்குச் சென்றதற்கு மக்தபு மட்டும் காரணமன்று. நடுவே ஆறு இல்லாததும் காரணம். ஸ்ட்ரீடின் முடிவை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவந்து ஆறுதல் கொள்வோர் (நாமும் அவர்களுள் ஒருவராக இருந்தோம்) இந்த ஆற்றைக் காண்பதில்லை.

நம்மிடம் அந்த ஆற்றுக்கு ஒரு பாலம் இருந்தது. அரபு எழுத்துகளோடு தமிழொலிகளுக்கென மாற்றியமைத்த எழுத்துகளையும் சேர்த்துத் தமிழை எழுதிய அரபுத்தமிழே அது. ஓதப் பழகிய பெண் அதே எழுத்தைக் கொண்டு தன் தாய்மொழியைப் பொருளுணர்ந்து படித்தாள். வாய் மக்களின் எழுத்தைப் போலவே அதற்கும் அரசுப் பள்ளி தேவைப்படவில்லை. வீட்டுத் திண்ணையும் ஓதிக்கொடுக்கும் பெண்மணியும் போதும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வாய் ஆண்கள் தம் எழுத்தில் எழுதினர். நமது குடும்பத்திலோ பெண்களுக்கு அரபுத்தமிழைப் படிக்கக் கொடுத்தோம், எழுதக் கொடுக்கவில்லை. தாயாரின் தந்தை சொன்ன காரணத்தை இங்கே எழுதக் கூசுகிறோம். எனவே கணக்கெடுக்க வந்த ஆசிரியையின் குறி, வரையறையின்படி பார்த்தால், தவறே அன்று. படிக்க மட்டுமே தெரிந்தவர் எழுத்தறியாதவர். அவர்களை அந்தக் கட்டத்திற்குள் நிறுத்தியது அரசு மட்டுமன்று.

சமுதாயம் முழுவதும் பின்தங்கிக் கிடப்பதாக இதைக் கொண்டு எவரும் கருதவேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரி 73.5 விழுக்காடே. நாடு முழுவதும் நிலை நேர்மாறானது: முஸ்லிம்கள் 59.1, பொதுச் சராசரி 64.8. சராசரிகளுக்குள் மறைந்து நிற்கும் ஏழைத் தெருக்களைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

அத்தெருக்களில், குறிப்பாகக் கடையநல்லூர் தொடங்கித் தென்காசி வரை, பீடி சுற்றும் பெண்கள் மிகுதி. 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்னும் கணக்கு. கொடுத்த இலைக்கும் தூளுக்கும் எத்தனை பீடி வரவேண்டும், கழித்து ஒதுக்கியது எவ்வளவு என்பதை அவர்கள் மனத்துக்குள் போடும் வேகத்துக்கு நமது முதலாமாண்டு மாணவர்கள் ஈடுகொடுக்கமாட்டார்கள். இத்தகைய அன்றாட எண்ணறிவைத் தேடித் தொகுக்கும் முறையை தில்லியின் நிரந்தர் அமைப்பு, ஸ்ட்ரீட் முதலியோருடன் சேர்ந்து இந்தியாவிலும் பயிற்றுவித்து, 2007இல் அது குறித்து ஒரு நூலையும் வெளியிட்டது. கற்போரிடம் ஏற்கெனவே இருப்பதை அறிந்த பிறகே பாடநூல் எழுதுக என்பது அதன் சாரம். நல்ல அறிவுரை.

எனினும் நமக்கொரு மனக்குறை. அந்தப் பெண்ணின் மனக்கணக்கு எவ்வளவு நுட்பமானதாயினும், பாஸ் புத்தகத்தில் எழுதுவது மற்றொருவரின் கை. சுற்றியது ஆயிரம், எழுதியது எண்ணூறு என்றால் அவள் நினைவு சாட்சியாகாது, புத்தகமே சாட்சி. வருங்கால வைப்பு நிதிக்கு அலைந்து திரும்பிய ஒரு பெண்ணிடம், "உனக்கும் ஒருவகை எழுத்தறிவு உண்டு" என்று கூறுவது மரியாதையா, கைகழுவலா? எழுத்தறிவு அதிகாரத்தோடு பிணைந்தது என்று ஸ்ட்ரீடே எழுதினார். அவரைப் பின்பற்றியோரில் பலர் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏழைகளின் எழுத்து வழக்கங்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிட்டனர்.

இதற்கு விலக்கானவர் பிரான்சிஸ் கோடி. புதுக்கோட்டையின் அறிவொளி இயக்கத்தைப் பற்றி 2013இல் அவர் வெளியிட்ட நூலில், கைநாட்டு என்னும் இழிவுச் சொல்லைச் சுமந்த பெண்கள் கையெழுத்திட்ட மனுவோடு கலெக்டர் அலுவலகம் செல்கின்றனர். அக்கையெழுத்து அவர்களுக்கு எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்பதை அவர் பொறுமையாகப் பின்தொடர்கிறார். அதிகாரத்தின் முன் எழுத்து என்ன செய்கிறது என்பதே அங்கே கேள்வி.

மற்றொரு கோணமும் உண்டு. கௌஷிக் பாசுவும் ஜேம்ஸ் ஃபாஸ்டரும் 1998இல் எழுதிய கட்டுரை, எழுத்தறிந்த ஒருவர் வாழும் வீட்டிலுள்ள எழுத்தறியாதவரையும், அப்படி எவரும் இல்லாத வீட்டில் வாழ்பவரையும் ஒரே எண்ணில் அடக்கலாகாது என்றது. நமது தெருவில் பாஸ் புத்தகத்தைப் படித்துச் சொல்வது பெரும்பாலும் பள்ளி செல்லும் மகளே. மகள் மணமாகிச் சென்றதும் அத்தாய் மறுபடியும் எழுத்தறியாதவர் ஆகிறார். இதை எந்தத் தேர்வும் காட்டுவதில்லை.

இனி நமது அளவுகோலைச் சொல்லியாக வேண்டும். மக்தபில் நாம் வைக்கும் தேர்வு எது? குர்ஆனை முழுதாக ஓதி முடித்தானா, தஜ்வீது திருத்தமா என்பவையே. அவை தேவையானவை, அவற்றைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையும் இல்லை, எண்ணமும் இல்லை. ஆயினும் ஓதியதன் பொருளை ஒரு வரி எழுதிக் காட்டு என ஒரு சிறுமியிடம் எத்தனை மக்தபுகளில் கேட்டிருக்கிறோம்? அரசின் தேர்வு ஓதுதலைக் காணவில்லை என்று குறைகூறும் நாம், நமது தேர்வு எழுதுதலைக் காணவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

சென்ற ரமளான் விடுமுறையில் நமது தெருவின் மக்தபில் பத்துச் சிறுமியரிடம், அவரவர் தாயின் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னோம். எழுவர் கொண்டுவந்தனர். அலிஃப், பே எழுதிய பலகைக்கு அருகே அமர்ந்து, தேதியையும் எண்ணிக்கையையும் உரக்க வாசித்தனர். இரண்டு புத்தகங்களில் முந்திய வாரத்துக்கான வரி வெறுமையாக இருந்தது. ஒரு சிறுமி தன் நோட்டில் அந்த வாரத்தின் கணக்கைத் தமிழில் எழுதி, கீழே தாயின் பெயரையும் எழுதி, அதைத் தாயிடம் கொடுத்துக் கடைக்கு அனுப்பினாள்.