இரண்டணாவுக்குக் கீழே

நாணய மாற்று விகிதம் என்றதும் டாலர், பவுண்டு, ரிசர்வ் வங்கி என்று நம் யோசனை மேலே போய்விடுகிறது. அரசுகள் பேசி முடிக்கிற எண், நமக்கென்ன என்று விட்டுவிடுகிறோம். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே ஐந்து மைல்தான். இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் பாதிவரை அந்த ஐந்து மைலுக்குள் அப்படியொரு எண் இருந்தது: 28½. அதை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்க்கலாம்.

தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலி ஜில்லா, வெள்ளைக்காரன் ரூபாய். செங்கோட்டை திருவிதாங்கூர், மகாராஜாவின் சக்கரம். இங்கே ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. அங்கே 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக அங்கத்திய ரூபாய் 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாயைக் கொடுத்தால் 28 சக்கரம் 8 காசு. ரூபாய் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு அரசுகள், நடுவில் அரைச் சக்கரம். நம் பேச்சில் காசு, பணம் இரண்டும் பொதுச்சொற்கள். ஐந்து மைல் மேற்கே போனால் இரண்டும் எண்ணி வாங்க வேண்டிய அளவைகள்.

1865-இல் சென்னை அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை சுங்கத் தடைகளைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. 1876-இல் வந்த சட்டம், சமஸ்தானங்கள் பிரிட்டிஷ் நாணயத்தையே ஏற்றுக்கொள்ள வழி செய்தது. ஆல்வாரும் பிகானீரும் ஏற்றன. திருவிதாங்கூர் ஏற்கவில்லை. இதை இறையாண்மையின் அடையாளமாகக் கொண்டாடுகிற சொல்லாடல் ஒன்று உண்டு. 1805 உடன்படிக்கைப்படி கம்பெனிக்கு ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் கட்ட ஒப்புக்கொண்ட அரசின் இறையாண்மை எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெருமையை யார் சுமந்தார்கள் என்பதே இங்கு கேள்வி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரூபாய் 28 சக்கரம் 8 காசு. எட்டணா 14 சக்கரம் 4 காசு. நாலணா 7 சக்கரம் 2 காசு. இரண்டணா 3 சக்கரம் 9 காசு. இதுவரை சரி. ஓரணா? 1 சக்கரம் 12½ காசு. காசுதான் கடைசி நாணயம், அரைக்காசு கையில் கிடையாது. அதாவது அரசு அறிவித்த விகிதம் இரண்டணாவோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே பிசிறு. அந்தப் பிசிறு யாருக்கு என்பதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்வான்.

ஆயிரம் ரூபாய்க்கு நெல் வாங்கி ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கே அனுப்புகிற வியாபாரிக்கு இது பிரச்சினையே இல்லை. 28,500 சக்கரம், முடிந்தது. பழைய வெள்ளிச் சக்கரம் பொட்டுப் போல அவ்வளவு சிறியது. அதை எண்ணுவதற்கென்றே குழி வெட்டிய மரப்பலகை இருந்தது. அள்ளிக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மொத்தமாக வைத்திருப்பவனுக்குப் பலகை உண்டு. பத்துச் சக்கரம் வைத்திருப்பவளுக்கு விரல்தான்.

செங்கோட்டையில் விறகு விற்ற ஒருத்தி கையில் பத்துச் சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். தென்காசியில் உப்பு, புளி வாங்க வேண்டும். விகிதப்படி ஒரு சக்கரம் ஆறே முக்கால் தம்பிடிக்குக் கொஞ்சம் கம்மி. பத்துக்கு 67 தம்பிடி வர வேண்டும். கடைக்காரர் 'சக்கரத்துக்கு அரையணா' என்று சுருக்கிவிட்டால் 60 தம்பிடி. பத்துச் சக்கரத்தில் ஒரு சக்கரத்துக்கும் மேல் போச்சு. ஏழு தம்பிடி என்று அவளுக்குச் சாதகமாகவும் சுருக்கலாமே என்று கேட்கலாம். தாராளமாகச் சுருக்கலாம். சுருக்குகிற உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில்தான் விஷயம்.

சமமான மதிப்புகளே கைமாறுகின்றன என்று எடுத்துக்கொண்டு, உபரியை உற்பத்தியில் தேடச் சொன்னார் மார்க்ஸ். அது சரியான இடம்தான். ஆனால் அதையே பிடித்துக்கொண்ட நம் இடதுசாரி எழுத்து கூலியைப் பார்த்த அளவுக்குச் சில்லறையைப் பார்க்கவில்லை. கூலி கொடுத்த இடத்திலேயே சுரண்டல் முடிந்துவிடுவதில்லை. அந்தக் கூலி பொருளாக மாறுகிற இடத்திலும் ஒரு கை நீள்கிறது.

இலக்கியத்துக்கு வருவோம். டி.கே.சி. 1954-இல் மறையும்வரை வாழ்ந்த ஊர் குற்றாலம். ரசனை விமர்சனத்துக்கு அது ஒரு தலைநகரம் மாதிரி. அந்த மரபு நமக்குத் தந்த குற்றாலத்தில் அருவியும் சாரலும் கம்பனும் உண்டு, சந்தை கிடையாது. திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் சிங்கி பல நாடுகளில் குறிசொல்லி வாங்கிய நகைகளோடு வருகிறாள். சிங்கன் ஒவ்வொன்றாகக் கேட்கிறான். இதைச் சிருங்காரமாகவும் நகைச்சுவையாகவும் ரசித்திருக்கிறோம். எல்லை தாண்டி உழைத்துக் கூலியோடு திரும்பும் ஒரு பெண்ணின் கணக்கு என்றும் இதை வாசிக்க முடியும். அவள் கூலி நகையாகவே வருகிறது. எந்த நாணய மாற்றுக்காரனும் அதில் பிடித்துக்கொள்ள முடியாது. கணக்குக் கேட்கிறவன் புருஷன் மட்டும்தான்.

1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் சக்கரம் வழக்கொழிந்தது. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தது. மொழிவழி எல்லை பற்றி நிறையவே எழுதிவிட்டோம். அதற்கு முன்பே அழிந்த இந்த நாணய எல்லையைப் பற்றிப் பேச்சில்லை. அந்தக் கல்லாவும் எங்கேயும் போய்விடவில்லை. இன்று கடையநல்லூரிலும் தென்காசியிலும் வளைகுடாப் பணம் வந்து இறங்குகிறது. 200 டாலர் அனுப்ப உலகச் சராசரியில் 6 சதவீதத்துக்கும் மேல் செலவாகிறது என்று 2023-இல் உலக வங்கி கணக்கிட்டது. தொகை பெரிதானால் சதவீதம் இறங்குகிறது. 2030-க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்கு. விகிதம் எல்லோருக்கும் ஒன்று என்று பலகையில் எழுதிப்போட்டாலும் குறைவாக அனுப்புகிறவனே அதிகம் இழக்கிறான்.

ஆகவே விகிதம் எவ்வளவு என்று கேட்பதோடு, எந்தத் தொகைக்குக் கீழே அது செல்லாமல் போகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அரண்மனை ஆவணங்களில் இதற்குப் பதில் கிடைக்காது. தென்காசி, செங்கோட்டைக் கடைவீதிகளில் எங்காவது பழைய சிட்டைகளும் பேரேடுகளும் பரணில் கிடக்குமானால் கரையானுக்கு முன்னால் நாம் போய் எடுக்க வேண்டும். சக்கரமும் அணாவும் ஒரே பக்கத்தில் வரவு வைக்கப்பட்ட தாள்களில்தான் அந்த அரைக்காசு யாரிடம் போனது என்று தெரியும்.