கேப்டன்: நடராஜன்

ஒரு நிமிஷம் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருங்கள். 2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை இரவு, டெல்லி கோட்லா மைதானம். அருண் ஜேட்லி ஸ்டேடியம் என்று பெயர் மாற்றி வருஷங்கள் ஆகிவிட்டன, எனக்கு என்றைக்கும் அது கோட்லாதான். ஐபிஎல் ஆட்டம், டெல்லி அணி ஜெயிக்க 12 பந்தில் 68 ரன் வேண்டும். ஆட்டம் முடிந்துபோன மாதிரிதான். தூங்கிப்போன பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, டெல்லி கேட் மெட்ரோவில் கூட்டம் சேர்வதற்குள் போய்விடலாம் என்று குடும்பம் குடும்பமாகப் படியிறங்குகிறார்கள். நான் மட்டும் எழுந்து நிற்கிறேன், உள்ளங்கை வேர்க்கிறது, தொண்டை காய்ந்துவிட்டது. ஏனென்றால் பத்தொன்பதாவது ஓவருக்குப் பந்தைக் கையில் வாங்கியிருப்பவர் சின்னப்பம்பட்டி நடராஜன். சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்குக் கேப்டன் பேட் கம்மின்ஸாக இருக்கலாம், என் டீமுக்கு அன்றைக்குக் கேப்டன் நடராஜன்!

என் டீம் என்றால் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் டீம். மயூர் விகாரில் நாங்கள் ஐந்து தமிழர்கள் சேர்ந்து ஃபேன்டஸி கிரிக்கெட் ஆடுகிறோம். காசு கிடையாது. கடைசியாக வருகிறவர் கரோல் பாகில் எல்லோருக்கும் டிபன் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் இரண்டு அணியிலிருந்தும் கலந்து பதினொரு பேரைப் பொறுக்கி எழுத வேண்டும். ரன்னுக்கு 1, ஃபோருக்குக் கூடுதலாக 1, சிக்ஸருக்குக் கூடுதலாக 2, அரைச்சதத்துக்கு 8, ஸ்ட்ரைக் ரேட் 170-ஐத் தாண்டினால் 6. பவுலருக்கு விக்கெட்டுக்கு 25, மெய்டனுக்கு 12, நான்கு விக்கெட் எடுத்தால் 8, ஓவருக்கு 5 ரன்னுக்குக் குறைவாகக் கொடுத்தால் 6. கேப்டனுக்கு எல்லாமே இரட்டிப்பு. 1980-இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு சாப்பாட்டுக்கடைப் பெயரில் பேஸ்பாலுக்குத் தொடங்கிய விளையாட்டின் பேரப்பிள்ளைதான் இது. அவர்களும் எங்களைப் போலத்தான் எழுதி எழுதிக் கூட்டிக் கழித்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

அந்த ஆட்டத்துக்கு டீம் போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா! மூன்று நாள் முன்னால்தான் அகமதாபாதில் டெல்லி பவுலர்கள் குஜராத்தை 89 ரன்னுக்குச் சுருட்டியிருந்தார்கள். முகேஷ் குமார் 14 ரன் கொடுத்து 3 விக்கெட். 67 பந்து மிச்சம் வைத்து ஜெயித்தார்கள். அந்தப் பக்கம் ஹைதராபாத், பெங்களூரில் 287 அடித்துவிட்டு 262 வாங்கிக்கொண்டு வந்திருந்தது. கடைசி ஆட்டத்தின் ஸ்கோர்கார்டை மட்டும் பார்த்தால் டெல்லி பவுலர்களை அள்ளிப் போடத் தோன்றும், ஹைதராபாத் பவுலர் பக்கம் தலைவைத்துப் படுக்கத் தோன்றாது. மற்ற நான்கு பேரும் அப்படித்தான் போட்டார்கள். கோட்லாவைப் பற்றிச் சொல்வதற்கும் அந்த சீசனில் யாரிடமும் ஒன்றும் இல்லை. பெண்கள் பிரீமியர் லீக் ஆடி முடித்த பிட்ச்சுகளுக்கு ஓய்வு வேண்டும் என்று டெல்லி தன் முதல் இரண்டு ஹோம் ஆட்டங்களையும் விசாகப்பட்டினத்தில் ஆடிவிட்டு, அன்றைக்குத்தான் வீடு திரும்பியிருந்தது.

நான் வேறு மாதிரி யோசித்தேன். ஒரு பவுலரின் ஃபார்மைப் பார்க்க வேண்டுமென்றால் எத்தனை ரன் கொடுத்தார் என்று முதலில் பார்க்கக் கூடாது, எந்த ஓவர்களைப் போடுகிறார் என்று பார்க்க வேண்டும். ஹைதராபாத் முதலில் ஆடினால் மலை மாதிரி ரன் குவிக்கும், அந்த மலையைத் துரத்துகிறவன் பதினாறாவது ஓவரிலிருந்து எல்லாப் பந்தையும் கண்மூடிச் சுற்றியே ஆக வேண்டும், அந்த நேரத்தில் இடது கையால் காலடியில் யார்க்கர் இறக்குகிறவருக்கு ரன் போனாலும் விக்கெட் வரும். டெத் ஓவர் என்றால் நடராஜன்தான். பேனாவை எடுத்து அவர் பெயருக்குப் பக்கத்தில் 'கே' என்று எழுதி வட்டம் போட்டேன்.

"எலே, ஊர்ப் பாசத்துல டீம் போடாதல" என்றார் எங்கள் நெல்லைக்காரர்.

"ஊர்ப் பாசம் இல்ல மாப்ள, ஓவர் கணக்கு" என்றேன்.

ஊர்ப் பாசமும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? நான் சேலத்துக்காரன். டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகி வந்த ஒரு பையன், 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு நெட் பவுலராகப் போய், ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு அறிமுகமானபோது டெல்லிக் குளிரில் விடியற்காலை எழுந்து ரஜாயைப் போர்த்திக்கொண்டு டிவி முன்னால் கண் கலங்கியவன். அப்புறம் முழங்கால் அறுவை சிகிச்சை, காத்திருப்பு, திரும்பி வருதல். அந்தப் பெயரை நோட்டில் எழுதும்போதே கை தனி வேகத்தில் போகும்.

ப்ளூ லைனில் ஏறி, யமுனையைத் தாண்டி, மண்டி ஹவுஸில் மாறி, டெல்லி கேட்டில் இறங்கினோம், நானும் நெல்லைக்காரரும். ஏப்ரல் வெயிலின் சூடு அந்தி சாய்ந்தும் தார் ரோட்டிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. டாஸ் ஜெயித்த டெல்லி கேப்டன் ரிஷப் பந்த் பவுலிங் எடுத்தார். ஐயா, அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வேன்! முதல் ஓவரில் 19, இரண்டாவதில் 21, மூன்றாவதில் 22, அப்புறம் 21, 20, 22. ஆறு ஓவரில் 125, ஒரு விக்கெட் கூட விழவில்லை. உலகத்தில் எந்த டி20 ஆட்டத்திலும் பவர்பிளேயில் அவ்வளவு ரன் யாரும் அதற்கு முன் அடித்ததில்லை. டிராவிஸ் ஹெட் 16 பந்தில் அரைச்சதம், மட்டையில் பந்து படும் சத்தம் மரக்கிளை முறிகிற மாதிரி கேட்கிறது. அபிஷேக் சர்மா 12 பந்தில் 46, அதில் ஆறு சிக்ஸர். ஒவ்வொரு பந்தும் எங்கே விழும் என்று மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. நெல்லைக்காரர் ஹெட்டைக் கேப்டனாகப் போட்டிருந்தார். ஒவ்வொரு ஃபோருக்கும் என் தொடையில் ஓங்கி ஓங்கி அடித்தார், மறுநாள் பார்த்தால் கன்றிப்போயிருந்தது. ஹெட் 32 பந்தில் 89. ஹைதராபாத் மொத்தம் 266. நடுவில் அவ்வளவு அடி வாங்கிய குல்தீப்பும் விடாமல் நின்று 4 விக்கெட் எடுத்தார், 55 ரன் போனால் என்ன, விக்கெட் எடுக்கிற பவுலர் விக்கெட் எடுத்துக்கொண்டேதான் இருப்பார்!

அப்புறம் டெல்லி. ஜேக் ஃப்ரேசர்-மெக்கர்க் என்று 22 வயதுப் பையன், லுங்கி இங்கிடிக்கு மாற்றாக வந்தவன், ஐபிஎல்லில் அவனுக்கு அது மூன்றாவது ஆட்டம். முந்தின அக்டோபரில் ஆஸ்திரேலிய உள்ளூர் ஒருநாள் ஆட்டத்தில் 29 பந்தில் சதம் அடித்த சேதி எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும், ஆனாலும் ஒருவர்கூட அவனை எடுக்கவில்லை. நம்ம வாஷிங்டன் சுந்தரின் ஒரே ஓவரில் 30 ரன்! 15 பந்தில் அரைச்சதம், 18 பந்தில் 65. பந்து எங்கள் ஸ்டாண்டுக்கு மேலேயே போனபோது டெல்லிக்காரர் யார், ஹைதராபாத் ஆதரவு யார் என்று எதுவும் தெரியவில்லை, எல்லோரும் குதித்தோம், பக்கத்து வரிசையில் யாரென்றே தெரியாத ஒரு சர்தார்ஜி பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்தார், நானும் கட்டிப்பிடித்தேன். மார்க்கண்டே பந்தில் அவன் போனதும் ஆட்டம் மெல்ல மெல்ல இறங்கியது.

இப்போது மறுபடி அந்தப் பத்தொன்பதாவது ஓவருக்கு வாருங்கள். ஸ்கோர் 199-க்கு 6. நடராஜன் அதுவரை 3 ஓவர் போட்டிருக்கிறார், 19 ரன், லலித் யாதவின் ஒரு விக்கெட். நினைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் பவுலர்கள் ஓவருக்கு இருபது இருபதாகக் கொட்டிக் கொடுத்த அதே ராத்திரி, அதே பிட்ச், அதே சின்ன பவுண்டரி, இந்த மனிதர் மூன்று ஓவருக்கு 19! நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 25 என்று எழுதியிருந்தேன். ஓடி வருகிறார், அக்சர் படேல் போய்விட்டார், நான் கத்துகிறேன், படியிறங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், அடுத்த பந்து, அதற்கடுத்த பந்து, ரன் இல்லை, ரன் இல்லை, இன்னும் ரன் இல்லை, 'மெய்டன் மெய்டன்' என்று மந்திரம் மாதிரி என் வாய் முணுமுணுக்கிறது, ஆன்ரிக் நோர்க்யா போய்விட்டார், நெல்லைக்காரர் என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கிப் பார்க்கிறார், எனக்குக் கால் நடுங்குகிறது, குல்தீப்பும் போய்விட்டார், மூன்று விக்கெட், ஆறு பந்து, ஒரு ரன் கிடையாது, 465 ரன் ஓடிய ராத்திரியில் ஒரு மெய்டன், பத்தொன்பதாவது ஓவரில் ஒரு மெய்டன், நம்ம சின்னப்பம்பட்டிக்காரர் போட்ட மெய்டன், நான் நாற்காலி மேல் ஏறிவிட்டேன், "நட்டு! நட்டு!" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை, சர்தார்ஜி பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து "பேட்டா, டெல்லி ஹார் ரஹி ஹை", மகனே, டெல்லி தோற்றுக்கொண்டிருக்கிறது என்கிறார், ஆமாம் அங்கிள் ஆமாம் என்று அவரையும் கட்டிக்கொள்கிறேன்!

அடுத்த ஓவர் முதல் பந்தில் நிதிஷ் குமார் ரெட்டியிடம் ரிஷப் பந்த்தும் அவுட். டெல்லி 199, ஹைதராபாத் 67 ரன்னில் வெற்றி. நடராஜன் 4-1-19-4.

மெட்ரோவில் நின்றுகொண்டே கணக்குப் போட்டோம், கம்பியில் சாய்ந்து, நோட்டை நெல்லைக்காரர் முதுகில் வைத்து. நான்கு விக்கெட்டுக்கு 100, மெய்டனுக்கு 12, நான்கு விக்கெட் போனஸ் 8, எகானமி 4.75, அதற்கு 6. ஆக 126. ஒரு ஓவருக்கு முன்னால் 25 இருந்த இடத்தில் 126! ஹெட்டுக்குக் கூட்டினோம். 89 ரன், பதினொரு ஃபோருக்கு 11, ஆறு சிக்ஸருக்கு 12, அரைச்சதம் 8, ஸ்ட்ரைக் ரேட் 6. அதுவும் 126. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பக் கூட்டினோம், மறுபடி 126. ஆட்ட நாயகன் விருது ஹெட்டுக்குப் போனது, சரிதான், ஆனால் எங்கள் நோட்டில் இருவரும் ஒரே உயரம். நெல்லைக்காரரின் கேப்டனுக்கு 252, என் கேப்டனுக்கும் 252. வித்தியாசம் என்னவென்றால், என் பதினொன்றில் ஹெட்டும் இருந்தார், அவர் பதினொன்றில் நடராஜன் இல்லை. அந்த இடத்தில் அவர் நம்பிப் போட்டிருந்தது முகேஷ் குமாரை, 57 ரன்னுக்கு ஒரு விக்கெட்.

அடுத்த சனிக்கிழமை இதே கோட்லாவில் மும்பையோடு ஆட்டம். கடைசி ஆட்டத்தைப் பார்க்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன நானே ஃப்ரேசர்-மெக்கர்க்கைக் கேப்டனாகப் போட்டேன். முரண் ஒன்றும் இல்லை, அவனுக்கும் அதே ஓவர் கணக்குதான். பவர்பிளே முழுக்க அவன் கையில், அந்த மைதானம், 29 பந்துச் சதம் அடித்த அதே கை. பும்ரா போட்ட முதல் பந்தையே சிக்ஸர் தூக்கினான், மறுபடியும் 15 பந்தில் அரைச்சதம், 27 பந்தில் 84. கேப்டன் கணக்கில் 242. இந்தத் தடவை கடைசியில் வந்தது நெல்லைக்காரர்.

அந்த வருஷ நவம்பரில் ஜெட்டா ஏலத்தில் டெல்லி கேபிடல்ஸ் நடராஜனை 10.75 கோடிக்கு எடுத்தபோது நான் அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டியோடு பால்கனிக்கு ஓடி எதிர் பிளாக் நெல்லைக்காரரைக் கூப்பிட்டேன். 2025-இல் நடராஜனுக்கு இரண்டே ஆட்டம்தான் கிடைத்தது, அது கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஏலத்தின் அந்த நிமிஷத்தில் நட்டு எங்க ஊருக்கே வந்துவிட்டார், கோட்லாவே இனிமேல் அவர் வீடு!

நெல்லைக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"தெரியும்ல. நான் இப்பவே கேப்டன்னு எழுதிட்டேன்" என்றார்.