காப்பியத் தலைமையும் நாசரேத்தூர்த் தச்சரும்: தேம்பாவணி பற்றிய ஒரு நோக்கு

காப்பியத் தலைமைக்கு உரியவர் யார் என்பது வெறும் அணியிலக்கண வினா அன்று. ஒரு சமுதாயம் யாரை மதித்தது என்பதையும் அது புலப்படுத்தும். பெருங்காப்பியம் ஒப்புமையற்ற தலைவனை உடையதாதல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த விதி. அவ்விதி வேரூன்றிய தமிழ் மரபினுள் 1726ஆம் ஆண்டில் நாசரேத்தூர்த் தச்சர் ஒருவர் தலைவராகப் புகுந்தார். வீரமாமுனிவரின் தேம்பாவணி, 36 படலங்களில் 3,615 பாடல்களால் சூசையின் வரலாற்றைக் கூறுவது. இலக்கண விதியும் இவ்வரலாறும் எவ்விடத்துப் பொருந்தின, எவ்விடத்து முரணின என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விவிலியத்தில் இறைவனின் தேர்வு உலகியல் மதிப்பீட்டைத் தலைகீழாக்குவது. ஈசாயின் மூத்த புதல்வர் எழுவரும் விலக்கப்பட, ஆடு மேய்க்கச் சென்றிருந்த கடைசி மகன் தாவீதே அரசனாகத் திருநிலைப்படுத்தப்படுகிறான். இயேசுவின் பிறப்புச் செய்தி அரண்மனையை எட்டுமுன் இரவில் மந்தை காத்த இடையரை எட்டியதாக லூக்கா எழுதுகிறார். அழைக்கப்பட்டோருள் அறிஞரும் வலியோரும் உயர்குடியினரும் பலரல்லர் எனக் கொரிந்து நகரத்தார்க்குப் பவுல் நினைவூட்டுகிறார். தகுதி நோக்கித் தேர்வு நிகழ்வதில்லை. தேர்வே தகுதியை அளிக்கிறது என்பது இவற்றின் உட்கிடை. காப்பிய இலக்கணமோ தகுதியை முன்னிபந்தனையாகக் கேட்கிறது. தேம்பாவணியின் அடிப்படை முரண் இதுவே.

முனிவர் இம்முரணை மரபின் துணைகொண்டே தீர்க்க முயல்கிறார். நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடியபின், வளன் சனித்த படலத்தில் தம் தலைவரைத் தாவீதின் அரச மரபில் நிறுத்துகிறார். 'வளன்' என்பது சூசைக்கு அவர் வழங்கிய தமிழ்ப் பெயர். நூலின் இறுதியில் அமைவது முடிசூட்டுப் படலம். தொடக்கத்தில் அரசகுலம், முடிவில் மணிமுடி. இவ்விரண்டின் ஒளியில் உளியும் இழைப்புளியும் மங்கிவிடுகின்றன. சூசை தாவீதின் வழியினர் என்பது முனிவரின் புனைவன்று. மத்தேயுவும் லூக்காவும் கூறுவதே. எனினும் நற்செய்திகளில் அது வறியவர் ஒருவரின் பழங்குலத் தொடர்பு. காப்பியத்தில் அதுவே தலைமைக்குரிய சான்றாகிவிடுகிறது.

ஆயினும் அதே படலத்தில் விதி நெகிழ்வதும் மனங்கொள்ளத்தக்கது. குலப்பெருமை கூறப் புகுந்த முனிவர், தாவீது கோலியாத்தை வென்ற கதையை ஆர்வத்தோடு விரிக்கிறார். படைக்கலம் தாங்கிய பேருருவ வீரனின் எதிரே கவணும் கல்லும் ஏந்திய இடைச்சிறுவன் நிற்கிறான். எந்தக் குலத்தைக் காட்டித் தச்சரை உயர்த்த வேண்டியிருந்ததோ, அந்தக் குலத்து முதல் அரசனே ஓர் ஆட்டிடையன். உயர்குடிச் சான்று இங்கே தன்னைத்தானே மறுத்துக்கொள்கிறது.

கல்முனை, மருதமுனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் முஸ்லிம் வாசகர்க்கு இக்கதை புதிதன்று. தாவூது நபி ஜாலூத்தை வீழ்த்தியமை திருக்குர்ஆனின் அல்பகறா அத்தியாயத்தில் இடம்பெறுகிறது. தாலூத் அரசராக்கப்பட்டபோது, அவரிடம் செல்வமில்லையே என மக்கள் மறுப்புக் கூறியமையும் அவ்விடத்தே உண்டு. கிழக்கிலங்கையில் ஓதிப் பொருள் கூறப்பட்டுவந்த சீறாப்புராணத்திலும் தேம்பாவணியின் இழுபறியைக் காணலாம். தந்தையை இழந்து பிறந்த நபிகள் நாயகத்தைப் பாடவந்த உமறுப்புலவர், நாட்டுப் படலம், நகரப் படலம், தலைமுறைப் படலம் ஆகியவற்றைக் கடந்தே நபியவதாரப் படலத்தை அடைகிறார். ஆனால் அதே நூலில், வாளோடு கொல்லப் புறப்பட்ட உமறு ஈமான் கொள்கிறார். கிறித்தவரைத் துன்புறுத்தித் திரிந்த பவுலின் அழைப்பை இது நினைவூட்டும். இரு சமயங்களும் ஒரே காப்பிய வாயிலினூடே நுழைந்தன. நுழைவதற்கு ஒரே விலையைக் கொடுத்தன.

1894இல் வெளிவந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் வேறொரு வழியை நாடியது. அதன் மூலநூலாசிரியர் ஜோன் பனியன், பழுதுற்ற பாத்திரங்களைத் திருத்திப் பிழைத்தவர், சிறையும் கண்டவர். இங்கே பயணம் செய்யும் தலைவனுக்கு அரசகுலம் தேவைப்படவில்லை. பாவச்சுமையே அவனது அடையாளம். ஆயினும் அவன் உருவகப் பாத்திரம். எளிமை அகநிலையாகிவிடவே, சமுதாயத்தில் எளியோராய் வைக்கப்பட்டோர் கண்ணிலிருந்து மறைகின்றனர்.

1960களில் ஈழத்து மரபுவாதிகள் முற்போக்கு எழுத்தாளரின் ஆக்கங்களை 'இழிசனர் இலக்கியம்' என இகழ்ந்தபோது எழுந்ததும் தலைமைக்குரியவர் யார் என்ற வினாவே. கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் ஒடுக்கப்பட்டோரை அவர்தம் தொழிலோடும் பேச்சோடும் கதைமாந்தராக்கினர். குலமுறை தேடி அவர்களுக்கு முடிசூட்டவில்லை. இவ்வகையில், முனிவர் பாதி திறந்த கதவை அவர்களே முழுமையாகத் திறந்தனர் எனலாம். எனவே தேம்பாவணியை நிலவுடைமைக்கால எச்சம் என ஒதுக்குதல் பொருந்தாது. சமயநோக்கில் போற்றியமைதலும் போதாது. கவணேந்திய சிறுவன் முடிசூட்டுப் படலத்தை எதிர்த்து நிற்கும் இடத்திலிருந்தே அந்நூலை நாம் வாசிக்க வேண்டும்.