கண்ணகி எனப் பெயரிடலாமா?

பெண் மகவு பிறந்த பகுத்தறிவாளர் வீடுகளில் ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. "கண்ணகி என்று பெயரிடுவோம், அரசனையே எதிர்த்து நீதி கேட்ட தமிழ்ப் பெண் அன்றோ!" என்பார் ஒருவர். "கண்ணகியா? கைவிட்டுப் போன கணவனுக்காகக் காத்துக் கிடந்தவள் பெயரா? பெரியார் சிலப்பதிகாரத்தைப் பற்றிச் சொன்னதை மறந்தீரோ?" என்பார் இன்னொருவர். இருவரும் கருஞ்சட்டைக்காரரே. இருவரும் நம் தோழர்களே. இருவர் கூற்றிலும் உண்மை இருப்பதனால்தான் இவ்வழக்கு இன்னும் தீராமல் நிற்கிறது. ஆகவே, பெயரையே சாட்சிக் கூண்டில் ஏற்றி ஆராய்வோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கண் என்பதனோடு நீர் சேரக் கண்ணீர் ஆவதுபோல, கண் என்பதனோடு நகி சேரக் கண்ணகி ஆகும். நகுதல், சிரித்தல், ஒளிர்தல் என்றும் கொள்ளலாம். கண்களால் நகுபவள் என்பதே பலரும் கூறும் பொருள். நக்கண்ணை என்றொரு புலவர் சங்கப் பாடல்களில் இருக்கிறார். அவர் பெயரும் கண்ணை வைத்து வந்ததே. இப்பெயரில் கடவுள் இல்லை, வடமொழி இல்லை, சாதியும் இல்லை. ஒரு தாய் தன் குழந்தையின் முகத்தைப் பார்த்த அளவில் வைக்கக்கூடிய பெயர் இது. கற்பு என்னும் கருத்தின் நிழல்கூட இச்சொல்லில் இல்லை என்பதை நண்பர்கள் நினைவில் இருத்த வேண்டும். அந்நிழல் பிற்பாடு வந்து படிந்தது.

சிலம்பின் கண்ணகிக்கு முன்னே புறநானூற்றில் ஒரு கண்ணகி இருக்கிறாள். மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் என்று நாம் பள்ளியில் புகழ்ந்து படித்த பேகனின் மனைவி அவள். மயில் குளிரில் நடுங்குமே என்று இரங்கிய அந்த வள்ளல், மனைவியைத் துறந்து வேறொருத்தியிடம் சென்றான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் எனப் புலவர் நால்வர், 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களில், அவளுக்காகப் பரிந்து அவனிடம் பேசுகின்றனர். பொன் வேண்டா, பொருள் வேண்டா, அவளிடம் திரும்பிச் செல், அதுவே எமக்குப் பரிசில் என்பது அப்பாடல்களின் சாரம். நன்று! ஆயினும் அவள் என்ன நினைத்தாள்? அவளுக்காக நால்வர் வாதாடினர். அவள் வாயிலிருந்து பரணர் பாட்டொன்றில் ஓரிரு சொற்களே வருகின்றன. அழுத கண்ணீரையே மிகுதியாக நமக்குக் காட்டுகின்றனர். கண்களால் நகுபவள் என்னும் பெயர்கொண்டவளை இலக்கியம் முதன்முதல் அறிமுகம் செய்யும்போதே கண்களால் அழ வைத்திருக்கிறது.

நற்றிணை 216ஆம் பாடலில் மற்றொருத்தி வருகிறாள். கவலை மிகுந்து ஒரு மார்பை அறுத்துக்கொண்டவள். ஆனால், அவள் பெயர் கண்ணகி அன்று, திருமாவுண்ணி. கைவிடப்பட்டவள் ஒருத்தி, கொதித்தெழுந்தவள் வேறொருத்தி. நாட்டில் வழங்கிய இத்தகைய கதைகளைச் சேர்த்துத்தான் இளங்கோ தம் காப்பியத்தை வார்த்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். சேர்த்தவர், சீற்றம் கொண்டவளின் பெயரைத் தேர்ந்தெடுக்கவில்லை; கைவிடப்பட்டவளின் பெயரையே தேர்ந்தெடுத்தார்.

இனிச் சிலம்புக்கு வருவோம். மணநாளில் கண்ணகிக்கு வயது 12; கோவலனுக்கு 16. இன்றைய சட்டப்படி அத்திருமணமே குற்றம். நெருப்பை வலம் வந்து, பார்ப்பான் மறைவழி காட்ட நடந்த திருமணம் அது. நம் மேடைகளில் சிலம்பை முழங்கிய பலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்து சென்றதுண்டு. நாம் அவ்வாறு செல்ல வேண்டிய தேவை இல்லை.

ஆனால், அதே காப்பியத்தில் பகுத்தறிவாளர் போதிய அளவு எடுத்துக்காட்டாத ஓர் இடமும் இருக்கிறது. கணவன் பிரிந்திருக்கும் காலத்தில் தேவந்தி என்னும் பார்ப்பனத் தோழி வருகிறாள். கடலோரத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என இரு குளங்கள் உள்ளன. அவற்றில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு கூடி வாழலாம் என்று வழி சொல்கிறாள். கண்ணகியோ, அது எங்களுக்குப் பெருமை ஆகாது என்று ஒரே மூச்சில் மறுத்துவிடுகிறாள். அழுவாள், ஆனால் குளத்தில் முழுகமாட்டாள். காத்திருப்பாள், ஆனால் கோயில் படி ஏறமாட்டாள். கணவனையன்றி வேறு தெய்வம் தொழாள் என்று பழைய உரைமரபு இதற்குப் பொருள் கூறிக் கற்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். சேர்க்கட்டும். வேண்டுதலும் நேர்த்திக்கடனும் வேண்டா என்று ஒரு பெண் சொன்ன சொல் ஏட்டில் இருப்பது இருப்பதுதானே!

இன்னோர் இடமும் உண்டு. நம்மை மிகவும் உறுத்திய இடம் அதுவே. பொருளெல்லாம் இழந்து கோவலன் வீடு திரும்பியபோது, கண்ணகி புன்னகை செய்து, சிலம்பு இருக்கிறது, கொள்க என்கிறாள். ஆகா, என்ன பொறுமை என்று புகழ்ந்த பேச்சுகள் ஆயிரம் இருக்கும். அந்தப் புகழ்ச்சியாளர் கொலைக்களக் காதையையும் படித்திருக்க வேண்டும். கோவலனுடைய பெற்றோர் வந்து பார்த்தபோதெல்லாம் தான் காட்டிய சிரிப்பு மெய்ச்சிரிப்பு அன்று, அதைக் கண்டு அவர்கள் உள்ளம் வருந்தினர் என்று அவளே கணவனிடம் சொல்லிவிடுகிறாள். நீர் செய்தது போற்றத் தகாத ஒழுக்கம் என்றும் முகத்துக்கு நேரே சொல்கிறாள். கண்களால் நகுபவள் என்று பெயரிட்டோம். அவள் நகையோ பொய் நகை! நம் தாய்மாரும் தமக்கைமாரும் வீட்டுக்கு வந்தவர் முன் காட்டி வந்த அதே நகை. இளங்கோவின் கலை இங்கே மறைக்காமல் பேசுகிறது. அதைக் கேளாமல் கற்பு, கற்பு என்று கைதட்டியவர்கள் குற்றவாளிகளே ஒழிய, அவர் அல்லர்.

ஆனால் அவரையும் முழுதாக விடுதலை செய்வதற்கில்லை. பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டி வழக்கை வென்ற பெண், தெருவுக்கு வந்ததும் என்ன செய்கிறாள்? தீக்கடவுள் பார்ப்பனக் கோலத்தில் தோன்றி, யார் யாரை விட்டுவிட வேண்டும் என்று கேட்கிறான். அவள் சொல்லும் வரிசையில் முதலில் நிற்போர் பார்ப்பார். அடுத்து அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள். குழந்தைக்குக் கடைசி இடம், பசுவுக்கும் பின்னே! கொல்லனும் காவலனும் அரசனும் செய்த பிழைக்கு, மதுரைக் கூலிக்காரன் குடிசை எரிய வேண்டுமாம். பெரியார் சினந்ததில் என்ன வியப்பு? அவையில் பேசியவள் கண்ணகி. தெருவில் பேசியது வருணம் என்றே நாம் கொள்கிறோம்.

பின்னர்ப் பெயர் கோயிலுக்குள் சென்றது. ஈழத்தின் கிழக்குக் கரையில் கண்ணகை அம்மன் ஆயிற்று. சிங்களவரிடம் பத்தினித் தெய்வம் ஆயிற்று. பாலக்காட்டுப் பக்கம் கர்ணகி அம்மன் ஆயிற்று. தெய்வமாக்கிவிட்டால் பிறகு அவளுடைய வழக்கைக் கேட்க வேண்டியதில்லை; பொங்கல் வைத்தால் போதும்.

ஏட்டில் உறங்கிய கண்ணகியை 1892ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையரின் பதிப்பு எழுப்பிற்று. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பெயர்களின்மீது கண்ணோட்டம் செலுத்தத் தமிழர்க்குக் கற்பித்தது. 1942இல் கண்ணாம்பா நடித்த கண்ணகி படம் வெளிவந்தது. ம.பொ.சி. ஊர்தோறும் சிலம்பை முழக்கினார். பாரதிதாசன் கண்ணகி புரட்சிக் காப்பியம் எழுதினார். 1964இல் கலைஞரின் உரையாடலோடு பூம்புகார் திரைக்கு வந்தது. 1968 சனவரியில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, சென்னைக் கடற்கரையில் சிலம்பேந்திய சிலையாக அவள் நின்றாள். இந்த ஆண்டுகளில் இயக்கக் குடும்பங்களில் பிறந்த பெண்களிடையே கண்ணகியும் மணிமேகலையும் தமிழ்ச்செல்வியும் மலர்ந்தன. இராமையா அன்பழகன் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். பெரியாரிடம் குழந்தையை நீட்டியவர்கள் ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் பெற்றுச் சென்றனர். புரோகிதன் காதில் ஓதிய பெயரைத் தூக்கி எறிந்து, தாம் விரும்பிய பெயரைத் தாமே சூட்டிக்கொண்ட அத்தலைமுறையின் துணிவை நாம் வணங்குகிறோம்.

அவ்வணக்கத்தோடு ஒரு கேள்வியையும் வைக்கிறோம். சிலம்பிலிருந்து பெயர் பொறுக்கிய நம்மவர் தம் ஆண் பிள்ளைக்குக் கோவலன் என்று பெயரிட்டது எத்தனை வீட்டில்? தேடித்தான் பிடிக்க வேண்டும். அவன் தவறியவன், ஆகவே பெயர் வேண்டா. சரி. ஆராயாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியன் பெயர் என்ன? நெடுஞ்செழியன்! அப்பெயரை நாம் பெருமையோடு சூடினோம். ஆரியப் படையைக் கடந்தவன் என்றும், பிழை உணர்ந்த உடனே உயிர் நீத்தவன் என்றும், தலையாலங்கானத்து வீரனுக்கும் அதுவே பெயர் என்றும் காரணங்கள் அணிவகுத்து வந்தன. ஆணின் பெயரிலிருந்து அவன் பிழையைக் கழுவி எடுக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. பெண்ணின் பெயரிலிருந்து கற்பைக் கழுவி எடுக்க மட்டும் தெரியவில்லையா? கண்ணகி என்று பெயரிட்ட தந்தையே, அப்பெண் பதினெட்டு வயதில் தன் விருப்பப்படி ஒருவனைச் சொன்னபோது, "கண்ணகி என்று பேர் வைத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டதை நாம் கேட்டிருக்கிறோம். அப்பெயர் அவளுக்கு அணிகலனா, கால்விலங்கா?

இன்று வழக்கே வேறு திசைக்குப் போய்விட்டது. நாம் நாள்தோறும் அழைக்கும் வகுப்புப் பதிவேட்டில் ஒரு கண்ணகியும் இல்லை; ஹர்ஷினியும் தக்ஷிதாவும் யாஷிகாவும் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். பொருள் கேட்டால் பிள்ளைக்கும் தெரியாது, பெற்றவர்க்கும் தெரியாது. நட்சத்திரத்துக்கு இன்ன எழுத்து என்று சோதிடன் சொன்னான். கூட்டுத்தொகை சரியாக வர ஒரு எழுத்தைக் கூட்டிப் போடு என்று எண்கணிதக்காரன் சொன்னான். புரோகிதன் வாசல் வழியே போனான், சன்னல் வழியே திரும்பி வந்துவிட்டான்! தாத்தா பெயர் தமிழரசன், பேரன் பெயரில் தமிழ் எழுத்தே பாதிதான்.

கடற்கரைச் சிலையும் 2001 திசம்பரில் அகற்றப்பட்டு, 2006 சூனில் மீண்டும் நிறுவப்பட்டது. ஆனால், பெயர் வேறோர் இடத்தில் உயிரோடு இருக்கிறது. அங்கே அது ஆளின் பெயர் அன்று, முகவரி. ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் குடிசை இட்டு வாழ்ந்த ஏழைகளைச் சென்னை நகருக்குள்ளிருந்து பெயர்த்து, 2000ஆம் ஆண்டு முதல் துரைப்பாக்கத்தில் அடுக்கு வீடுகளில் குடியேற்றினார்கள். அவ்விடத்துக்குக் கண்ணகி நகர் என்று பெயர். ஊரைவிட்டு வந்து வேற்றூரில் வீடிழந்தவளின் பெயரை வீடிழந்தோர் குடியிருப்புக்கு வைத்தவர் தெரிந்துதான் வைத்தாரோ, தெரியாமல் வைத்தாரோ! அந்த முகவரியைக் கண்டதும் வேலை இல்லை என்று சொன்ன நிறுவனங்கள் உண்டு. அதனால் வேறு முகவரி சொல்லி வேலை தேடிய இளைஞர்களும் உண்டு. 2025இல் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி ஆடினாள். ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்தே நாடெங்கும் சொல்ல வைத்தாள்.

எனவே, பெயரிடலாமா என்று கேட்கும் தோழர்க்கு நம் விடை: இடுக. ஆனால், பத்தினி என்பதற்காக இடாதீர். குளத்தில் முழுக மறுத்தவள் என்பதற்காக இடுக. கணவன் முகத்துக்கு நேரே அவன் பிழையைச் சொன்னவள், அரசவையில் சான்று காட்டி வழக்குரைத்தவள் என்பதற்காக இடுக. அவளுக்கு ஒரு தம்பி பிறந்தால் அவனிடமும் அதே கதையைச் சொல்லுங்கள். அவள் கண்கள் நகட்டும். நகாவிட்டால், ஏன் நகவில்லை என்று வீட்டார் அவளைக் கேட்கட்டும்.